ஜாக் ரஸல் டெரியர் தோன்றிய கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய் வளர்ப்போர் நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் ஜாக் ரஸல் டெரியரின் பேச்சு வந்துவிட்டால், ஒரே விதமான ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுவதைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஓரிடத்தில் தொகுத்து வைப்பது நல்லது என்று தோன்றியதால், கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கொடுத்துப் பதில்களை எழுதியிருக்கிறேன். வளர்ப்பு முறை, உணவு, விலை ஆகியவை இதில் இல்லை. இனம் எப்படி உருவானது என்பது மட்டுமே இங்கு பேசப்படுகிறது.

டெரியர்னா என்ன அர்த்தம்? சின்ன நாய் எல்லாமே டெரியரா?

லத்தீன் மொழியில் ‘டெர்ரா’ என்றால் மண். அச்சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, மண்ணுக்குள் இருக்கும் வளையில் புகுந்து வேட்டையாடும் நாய்க்குப் பெயரானது. எனவே டெரியர் என்ற பெயர் நாயின் உருவத்தைப் பார்த்து வைத்ததன்று, அது செய்யும் வேலையைப் பார்த்து வைத்தது. 16ஆம் நூற்றாண்டில் ஜான் கையஸ் என்ற ஆங்கில மருத்துவர் இங்கிலாந்தின் நாய்களைப் பற்றி லத்தீனில் எழுதியபோதே, நரியையும் பேட்ஜர் எனப்படும் வளைக்கரடியையும் தேடி நிலத்துக்கடியில் செல்லும் நாய்கள் என்று டெரியர்களைத் தனியே பிரித்துக் காட்டியிருக்கிறார்.

பொமரேனியன் சின்ன நாய்தான், ஆனால் டெரியர் ஆகாது. ஏர்டேல் டெரியர் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயரம் வளரும். எந்த நரி வளைக்குள்ளும் அது நுழைய முடியாது, இருந்தும் டெரியர் வழியில் வந்ததால் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஜாக் ரஸல்ங்கறது ஊர் பேரா, ஆள் பேரா?

ஆள் பெயர். இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவன் மாவட்டத்தின் டார்ட்மத் என்னும் ஊரில் 1795ஆம் ஆண்டு பிறந்த ஜான் ரஸல் என்ற பாதிரியாரின் பெயர். ஜான் என்ற பெயருள்ளவரை ஜாக் என்று செல்லமாக அழைப்பது ஆங்கிலேயர் வழக்கம். ஆக்ஸ்போர்டில் எக்ஸிடர் கல்லூரியில் படித்து, குருத்துவம் பெற்று, வட டெவனில் உள்ள ஸ்விம்பிரிட்ஜ் என்ற சிற்றூரின் பங்குக் குருவாக ஏறக்குறைய அரை நூற்றாண்டு இருந்தார். 1883இல், 87ஆம் வயதில் இறந்தார். அந்த ஊர்த் தேவாலய வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பாதிரியாருக்கு வேட்டையில என்ன வேலை?

இந்தக் கேள்வியை அவருடைய காலத்திலேயே அவருடைய மேலதிகாரிகள் கேட்டார்கள். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் நரி வேட்டை என்பது நிலக்கிழார்களும் வசதியான விவசாயிகளும் ஒன்றுகூடும் சமூக நிகழ்ச்சி. அந்த வட்டத்திலிருந்தே பல பாதிரியார்களும் வந்ததால், குதிரையேறி வேட்டைக்குச் செல்லும் குருமார் அங்கு அபூர்வமானவர்கள் அல்லர். ரஸல் அதில் ஒரு படி மேலே போய், சொந்தமாக வேட்டை நாய்க் கூட்டமே வைத்திருந்தார். எக்ஸிடர் ஆயர் நாய்களை விட்டுவிடும்படி கண்டித்தபோது, விட்டுவிடுகிறேன், இனி என் மனைவி வைத்துக்கொள்வாள் என்று பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. அது நடந்ததோ இல்லையோ, டெவன் மக்கள் அவரை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதை அது சரியாகக் காட்டுகிறது.

டிரம்ப்னு ஒரே ஒரு பெண் நாயில இருந்துதான் மொத்த இனமும் வந்துச்சுன்னு சொல்றாங்களே, நிஜமா?

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். இதற்கும் அமெரிக்க அரசியலுக்கும் தொடர்பில்லை. சீட்டாட்டத்தில் நாம் துருப்பு என்கிறோமே, அந்தச் சொல்தான் அது. ஆக்ஸ்போர்டில் மாணவராக இருந்தபோது, ஊர்ப்புறத்தில் நடந்து சென்ற ரஸல், பால்காரர் ஒருவரிடம் இருந்த இந்த நாயைக் கண்டு அங்கேயே விலைபேசி வாங்கிவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. வாங்கிய ஆண்டு 1815 என்றும் 1819 என்றும் இருவிதமாகச் சொல்வார்கள்.

ரஸல் உயிரோடு இருக்கும்போதே அவருடைய நண்பர் எழுதிய வாழ்க்கை வரலாறு டிரம்பின் தோற்றத்தை விவரிக்கிறது. உடல் வெள்ளை. இரு கண்களின் மேலும் காதுகளின் மேலும் அடர்ந்த பழுப்புத் திட்டு. வால் தொடங்கும் இடத்தில் அதே நிறத்தில், ஒரு பென்னி நாணயத்தைவிடப் பெரிதாக இல்லாத ஒரு புள்ளி. ரோமம் நெருக்கமாக, சற்றே கம்பி போல, ஈரமும் குளிரும் தோலைத் தொடாதபடி. கால்கள் அம்பு போல நேரானவை. உருவ அளவு, நன்கு வளர்ந்த ஒரு பெண் நரியின் அளவு. பிற்காலத்தில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர், டிரம்ப் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு அதன் ஓவியம் ஒன்றை வரையச் செய்து சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் வைத்தார். ஸ்விம்பிரிட்ஜில் ரஸலின் பெயரிலேயே ஒரு மதுவிடுதி இருக்கிறது. அதன் பெயர்ப்பலகையிலும் டிரம்ப்தான் நிற்கிறது.

ஆனால் ஒரு பெண் நாயிலிருந்து மட்டும் ஓர் இனம் வராது. டிரம்பை ரஸல் தாயாக வைத்துக்கொண்டார். துணைக்குச் சேர்த்த ஆண் நாய்கள் பற்பல இடங்களிலிருந்து வந்தவை. தனக்கு வேண்டிய வேலையை நன்றாகச் செய்யும் டெரியர் எங்கே கிடைத்தாலும் அதைத் தன் வரிசையில் சேர்த்துக்கொள்வது அவர் முறை. டிரம்பை இனத்தின் மூதாய் என்பதைவிட, ரஸலின் மனத்தில் இருந்த அளவுகோல் என்று சொல்வதே பொருத்தம் என்பது என் கருத்து.

நரி வேட்டைக்குப் பெரிய வேட்டை நாய்க் கூட்டமே இருக்கே, நடுவுல இந்தக் குட்டி நாய் எதுக்கு?

நரி என்றதும் நமக்குக் குள்ளநரிதான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது ஐரோப்பாவின் செந்நரி. அது வளையில் வாழ்வது. வேட்டைக்கு முந்தின இரவு, நரி இரை தேடி வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து, ஆட்கள் சென்று வளை வாய்களை மண்ணும் முள்ளும் வைத்து அடைத்துவிடுவார்கள். காலையில் திரும்பும் நரி வளைக்குள் போக முடியாமல் புதரில் பதுங்கும். அதை ஃபாக்ஸ்ஹவுண்ட் கூட்டம் மோப்பம் பிடித்துக் கிளப்ப, குதிரைகள் பின்தொடர, துரத்தல் மைல் கணக்கில் நீளும். இதில் டெரியருக்கு வேலை இல்லை.

அடைக்காமல் விட்ட ஒரு வளையிலோ, வயலின் வடிகால் குழாயிலோ நரி புகுந்துவிடும்போதுதான் டெரியர் தேவைப்படும். ஃபாக்ஸ்ஹவுண்ட் அந்தத் துளைக்குள் தலையைத்தான் நுழைக்க முடியும். டெரியர் உள்ளே இறங்கி, இருட்டில் நரிக்கு எதிரே நின்று விடாமல் குரைக்க வேண்டும். அந்தத் தொல்லை பொறுக்காமல் நரி மறுவாய் வழியாக வெளியே பாயும். பாயாவிட்டால், குரைப்பு எங்கிருந்து வருகிறது என்று தரையில் காதை வைத்துக் கேட்டு, அந்த இடத்தில் ஆட்கள் தோண்டுவார்கள். உள்ளேயே நரியைக் கடித்துக் கொன்றுவிடும் டெரியர் இந்த வேலைக்கு உதவாது. அது அன்றைய துரத்தலை அங்கேயே முடித்துவிடும்; மேலும் அடிபட்டு உள்ளேயே மாட்டிக்கொள்ளவும் கூடும். குரைக்கத் தெரிந்த, கடிக்காமல் நிற்கத் தெரிந்த, ஆனால் பின்வாங்காத நாய் வேண்டும். இந்த மூன்றும் ஒரே நாயிடம் அமைவது எளிதன்று. ரஸல் தேடியது அதைத்தான்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. டெரியர் தேவைப்படும் நேரத்தில் அது அங்கே இருக்க வேண்டும். டெவனின் டார்ட்மூர், எக்ஸ்மூர் மேட்டுநிலங்களில் குதிரைகளோடு நாள் முழுக்க ஓடி வர வேண்டுமானால் கால் நீளமாக இருக்க வேண்டும். வளைக்குள் போக வேண்டுமானால் நெஞ்சு குறுகலாக இருக்க வேண்டும். இந்த இரண்டு தேவைகளுக்கும் இடையே உள்ள இழுபறியை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பல கேள்விகளுக்கு விடை தானாகக் கிடைக்கும்.

ஏன் பெரும்பாலும் வெள்ளையா இருக்கு?

வளையிலிருந்து மண் பூசிய ஒரு பழுப்பு நாய் வெளியே வந்தால், வெறியோடு காத்திருக்கும் ஃபாக்ஸ்ஹவுண்ட் கூட்டம் அதை நரி என்று எண்ணிக் கிழித்துவிடக்கூடும் என்ற அச்சமே காரணம் என்று வேட்டைக்காரர்கள் சொல்வது வழக்கம். தூரத்திலிருந்தும் மங்கிய வெளிச்சத்திலும் வெள்ளை நாயைக் கண்டுபிடிப்பதும் எளிது.

டிரம்புக்கு முன்னால என்ன இருந்துச்சு? எந்தெந்த இனத்தைக் கலந்து இதை உண்டாக்கினாங்க?

‘இந்த இனமும் அந்த இனமும் கலந்து’ என்ற வாய்பாடு இங்கே பொருந்தாது. காரணம், அந்தக் காலத்தில் இனம் என்று இன்று நாம் சொல்வதே இல்லை. ஊருக்கு ஊர், பண்ணைக்குப் பண்ணை, வேட்டைக் குழுவுக்கு வேட்டைக் குழு ஒரு டெரியர் வரிசை இருந்தது. கறுப்பும் பழுப்பும் கலந்த சொரசொரப்பான டெரியர்கள், பிற்காலத்தில் அற்றுப்போன ஆங்கில வெள்ளை டெரியர்கள், காளைச் சண்டை நாயின் இரத்தம் சற்றுக் கலந்தவை என்று பலவிதமாக இருந்த அந்தக் கூட்டத்திலிருந்தே ஃபாக்ஸ் டெரியர் எனப்படும் வெள்ளை நரி டெரியர்கள் பிரிந்து வந்தன. பீகிள் கலப்பும் உண்டு என்பார்கள். நாயின் தாய் தந்தை பெயரை ஏட்டில் எழுதிவைக்கும் வழக்கம் பரவியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான்.

அப்போ ஃபாக்ஸ் டெரியரும் ஜாக் ரஸலும் ஒண்ணுதானா?

ஒரு காலத்தில் ஒன்றுதான். ரஸல் தன் நாய்களைக் குறிப்பிட்டதே ஃபாக்ஸ் டெரியர் என்ற பெயரால்தான். தன் பெயரில் ஓர் இனம் உருவாகும் என்று அவர் எதிர்பார்த்ததற்கான அறிகுறி எதுவும் இல்லை. பிரிவு வந்தது கண்காட்சிகளால். 1860களில் நாய்க் கண்காட்சிகள் பெருகியபோது வெள்ளை நரி டெரியருக்குப் பெரும் மோகம் எழுந்தது. ஓல்டு ஜாக், ஓல்டு டிராப், பெல்கிரேவ் ஜோ போன்ற சில புகழ்பெற்ற ஆண் நாய்களின் வாரிசுகள் கண்காட்சிப் பரிசுகளை அள்ளின. 1876இல் ஃபாக்ஸ் டெரியர் சங்கம் தோன்றி, எப்படி இருக்க வேண்டும் என்பதை ஏட்டில் எழுதியது.

அதன்பின் மேடை நடுவர்களின் கண் எதை விரும்பியதோ அந்தப் பக்கம் நாய் மாறிக்கொண்டே போனது. தலை நீண்டது, தோள் செங்குத்தானது, நெஞ்சு ஆழமானது. பார்வைக்கு மிடுக்காக இருந்தாலும், ஆழமான நெஞ்சு வளை வாயில் சிக்கிக்கொள்ளும். வேட்டைக் குழுக்களிடம் தங்கிவிட்ட பழைய மாதிரி நாய்கள் அப்படியே இருந்தன. இன்று ஃபாக்ஸ் டெரியரையும், நெட்டைக்கால் ஜாக் ரஸலுக்கு இன்றைய பெயரான பார்சன் ரஸலையும் பக்கத்தில் நிறுத்தினால் முகத்திலேயே வேறுபாடு தெரியும். ஆனால் மாறிப்போனது ஃபாக்ஸ் டெரியர்தான்.

ரஸல் கென்னல் கிளப்ல இருந்தார்னு படிச்சேன். அப்புறம் ஏன் தன் நாயை அப்பவே பதிவு பண்ணலை?

நாய் இனங்களை அங்கீகரித்துப் பதிவு செய்யும் அமைப்பான இங்கிலாந்தின் கென்னல் கிளப் 1873இல் தொடங்கியபோது அவர் அதன் தொடக்கக்கால உறுப்பினர்களில் ஒருவர். 1874இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த கண்காட்சியில் ஃபாக்ஸ் டெரியர்களுக்கு நடுவராகவும் இருந்தார். அதே மனிதர் தன்னுடைய நாய்களைக் கண்காட்சிக்குக் கொண்டுவரவில்லை. இதை முரண் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாயைப் பற்றிய அறிவுக்காக அவரை அழைத்தார்கள், அவர் போனார். தன் வீட்டு நாயை அழகுக்காக வளர்ப்பதில் அவருக்கு ஆர்வம் இருக்கவில்லை.

இப்ப இருக்கற ஜாக் ரஸல்கள் அவரோட நாய்களின் நேர் வாரிசா?

விற்பவர் ‘பாதிரியாரின் நேர் வரிசை’ என்று சொன்னால் நம்ப வேண்டாம். பணத்தைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கத் தெரியாத ரஸல், கடன் நெருக்கும்போதெல்லாம் தன் நாய்களை விற்றுவிட்டு, கை கொஞ்சம் நிமிர்ந்ததும் மறுபடி புதிதாகச் சேர்ப்பார். இறக்கும்போது அவரிடம் எஞ்சியிருந்தவை வயதான நான்கு டெரியர்கள் என்று சொல்லப்படுகிறது. விற்றவற்றின் வாரிசுகள் டெவன் முழுக்கப் பரவியிருக்கும் என்பது இயல்பான ஊகம்தான். ஆனால் டிரம்பிலிருந்து இன்றைய ஒரு நாய்வரை அறுபடாமல் எழுதி வைத்த வம்சாவளி கிடையாது.

அவருடைய மறைவுக்குப் பிறகு அவர் பெயர் ஒரு வகைக்குப் பெயராக மாறியது. வேட்டைக் குழுவிடம் வளர்ந்த, வேலை தெரிந்த வெள்ளை டெரியர் எதையும் ஜாக் ரஸல் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

அவர் இறந்த பிறகு இதைக் காப்பாத்தினது யாரு?

ஆர்தர் ஹைனமன் என்பவரின் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலானோர் சொல்வதில்லை. 1894இல் டெவன் மற்றும் சாமர்செட் பேட்ஜர் கிளப்பைத் தொடங்கியவர் அவர். 1904இல் இந்த நாய்க்கு முதல் தரவிதியை, அதாவது நாய் எப்படி இருக்க வேண்டும் என்ற விதிமுறையை, எழுதியதும் அவரே. ஆண் நாய் 14 அங்குலம், பெண் நாய் 13 அங்குலம் உயரம் என்று அவர் வகுத்த அளவே ஏறக்குறைய இன்றைய பார்சன் ரஸலின் அளவாகவும் நிற்கிறது. அவருடைய சங்கம் பின்னர் பார்சன் ஜாக் ரஸல் டெரியர் கிளப் என்று பெயர் மாறியது.

கவனிக்க வேண்டியது, அவர் ஆர்வம் நரியைவிடப் பேட்ஜரைத் தோண்டி எடுப்பதில் இருந்தது. பேட்ஜர் நரியைப் போல ஓடாது. உள்ளேயே நின்று எதிர்க்கும், அதன் கடி எலும்பை நொறுக்கும். அதற்கு ஈடுகொடுக்க இன்னும் முரட்டுத்தனம் தேவைப்பட்டதால், அந்தக் காலத்தில் புல் டெரியர் இரத்தம் சேர்க்கப்பட்டதாகச் சொல்வார்கள். ரஸல் விரும்பிய கடிக்காத நாயிலிருந்து இது சற்று விலகிய திசை. 1930இல் ஹைனமன் இறந்த பின் ஆன்னி ஹாரிஸ் என்ற பெண்மணி பொறுப்பேற்று நடத்தினார். இரண்டாம் உலகப் போர் நெருங்கிய ஆண்டுகளில் சங்கம் மறைந்தது.

குட்டைக்கால் ஜாக் ரஸல் எங்க இருந்து வந்துச்சு? ஒரிஜினல் குட்டையா நெட்டையா?

ஒரிஜினல் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நடக்கும் சண்டையில் டிரம்பின் ‘பெண் நரி அளவு, நேரான கால்’ என்ற விவரிப்பு நெட்டை தரப்புக்குச் சாதகம். போருக்குப் பிறகு வேட்டைக் குழுக்கள் குறைந்தன. குதிரையோடு ஓடி வர வேண்டிய தேவையும் குறைந்தது. டெரியரைக் குதிரைச் சேணத்தோடு கட்டிய பையிலோ வண்டியிலோ கொண்டுபோய் இறக்கிவிட முடியுமானால் நீளக் கால் எதற்கு? பண்ணையில் எலி பிடிக்கவும் வீட்டில் வளர்க்கவும் சிறிய நாயே வசதி. கோர்கி, டாக்ஷுண்ட் போன்ற குட்டைக்கால் நாய்களும் கலந்தன. இப்படி உருவானவற்றில் கோணல் கால், நீண்ட முதுகு கொண்டவையும் ஏராளம். நெட்டை தரப்பினர் அவற்றை ஏளனமாகப் பார்த்தார்கள். ஆனால் மக்கள் விரும்பி வாங்கியது அவற்றைத்தான்.

பார்சன் ரஸல், ஜாக் ரஸல், வெறும் ரஸல் டெரியர்னு மூணு பேர் இருக்கு. தலை சுத்துது. எது எது?

இங்கிலாந்தில் 1990இல் கென்னல் கிளப் நெட்டைக்கால் நாயைப் ‘பார்சன் ஜாக் ரஸல் டெரியர்’ என்று அங்கீகரித்தது; 1999இல் நடுவிலிருந்த ‘ஜாக்’ எடுக்கப்பட்டு பார்சன் ரஸல் ஆனது. ஆண் நாய்க்கு 36, பெண் நாய்க்கு 33 சென்டிமீட்டர் உயரம் உகந்தது. பக்கவாட்டில் பார்த்தால் சதுரமாகத் தெரியும்.

குட்டைக்கால் நாய் முறையான இனமானது ஆஸ்திரேலியாவில். அங்கே 1972இல் சங்கம் தொடங்கி, தரவிதி எழுதி, பதிவேடு வைத்து, கோணல் கால்களை ஒதுக்கி ஒழுங்குபடுத்தினார்கள். 1991இல் அந்நாட்டுக் கென்னல் அமைப்பு ஏற்றது. 2000ஆம் ஆண்டில் உலக நாய் அமைப்பான எஃப்.சி.ஐ. இதை ஜாக் ரஸல் டெரியர் என்ற பெயரில் சேர்த்துக்கொண்டபோது, பிறந்த நாடு இங்கிலாந்து, வளர்த்தெடுத்த நாடு ஆஸ்திரேலியா என்றே எழுதியது. உயரம் 25 முதல் 30 சென்டிமீட்டர். உடல் உயரத்தைவிட நீளமானது. பிறந்த நாட்டின் கென்னல் கிளப் இந்தக் குட்டைக்கால் நாயை ஏற்றது 2016இல்தான்.

அமெரிக்காவில் பெயர்க் குழப்பம் இன்னும் அதிகம். அங்கே கென்னல் கிளப் நெட்டை நாயை முதலில் ஜாக் ரஸல் என்றே சேர்த்துக்கொண்டு, 2003இல் பார்சன் ரஸல் என்று மாற்றியது. 2012இல் குட்டை நாயைச் சேர்த்தபோது அதற்கு ரஸல் டெரியர் என்று பெயரிட்டது. ஆகவே அமெரிக்காவின் ரஸல் டெரியரும் மற்ற நாடுகளின் ஜாக் ரஸலும் ஏறக்குறைய ஒன்று.

அங்கீகாரமே வேண்டாம்னு ஒரு கூட்டம் சண்டை போடுதாமே? நல்லதுதானே, ஏன் வேண்டாம்?

1974இல் பிரிட்டனிலும் 1976இல் அமெரிக்காவிலும் தொடங்கிய வேலை நாய்ச் சங்கங்கள் அவை. மேலே ஃபாக்ஸ் டெரியருக்கு நேர்ந்ததைச் சொன்னேன் அல்லவா, அதையே அவர்கள் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். மேடைக்குப் போனால் நாய் மாறும். பதிவேட்டை மூடிவிட்டால் நெருங்கிய இரத்தத்துக்குள்ளேயே இணைசேர்க்க வேண்டிவரும், நோய் பெருகும் என்பது அவர்கள் வாதம். அவர்களுடைய அளவு 10 முதல் 15 அங்குலம் வரை விரிந்திருக்கிறது. நெட்டை குட்டை இரண்டும் அதில் அடக்கம். அமெரிக்கச் சங்கம் குட்டிகளைப் பிறந்தவுடன் பதிவதில்லை. நாய் வளர்ந்த பிறகு, மருத்துவர் பார்த்துச் சான்று தந்தால்தான் அந்த ஒரு நாய்க்கு மட்டும் பதிவு.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. பொதுவான பதிவேடு இல்லாவிட்டால் கலப்பு நாயை எல்லாம் இந்தப் பெயரில் விற்பதைத் தடுக்க வழியில்லை. என் மனம் வேலை நாய்ச் சங்கங்களின் பக்கமே சாய்கிறது. ஆனால் வளைக்குள் போகும் வேலையே அருகிவிட்ட நாட்டில், வேலையை வைத்து மட்டும் நாயைத் தேர்ந்தெடுப்பது எத்தனை நாளைக்குச் செல்லும் என்ற கேள்வி அவர்களுக்கும் இருக்கத்தான் செய்கிறது.

நடுவர் ரெண்டு கையாலயும் நாயோட நெஞ்சைப் பிடிச்சுப் பார்க்கறாரே, அது எதுக்கு?

வளை வாயை மேடைக்குக் கொண்டுவர முடியாது என்பதால், கையே வளை வாய் ஆகிறது. நடுவர் நாயின் பின்னால் நின்று, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே இரு உள்ளங்கைகளையும் விலாவில் பதித்து, முன்னங்கால்கள் தரையை விட்டு எழும்படி மெல்லத் தூக்குவார். கட்டை விரல்கள் முதுகெலும்பின் மேல் தொட்டுக்கொள்ள வேண்டும். மற்ற விரல்கள் நெஞ்சுக்குக் கீழே சந்திக்க வேண்டும். பிறகு மெதுவாக அழுத்திப் பார்ப்பார். விலா உள்வாங்கி, விட்டதும் திரும்ப விரிந்தால் நல்ல நெஞ்சு. பீப்பாய் போல இறுகி நின்றால், அந்த நாய் குறுகிய இடத்தில் தன்னைச் சுருக்கிக்கொள்ள முடியாது. எஃப்.சி.ஐ. தரவிதி முழங்கைக்குப் பின்னால் சுற்றளவு 40 முதல் 43 சென்டிமீட்டர் என்கிறது. சராசரி ஆள் இரு கைகளையும் வட்டமாகச் சேர்த்துப் பிடித்தால் அந்த அளவுதான் வரும்.

ஹெச்.எம்.வி. இசைத்தட்டுல குழாய்கிட்ட காதை வச்சு உட்கார்ந்திருக்கற நாய் ஜாக் ரஸலா?

தமிழர் வீடுகளில் மிகவும் பழகிய நாய்ப்படம் அதுதான் என்பதால் இக்கேள்வி வருவதில் வியப்பில்லை. அதன் பெயர் நிப்பர். 1884இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிறந்து 1895இல் இறந்தது. அதன் உரிமையாளர் மறைந்த பின் அவர் தம்பியான ஓவியர் பிரான்சிஸ் பரோ அதை வளர்த்தார். நாய் இறந்த பிறகே படத்தை வரைந்தார். முதலில் வரைந்தது உருளையில் பாடும் கருவி. கிராமபோன் நிறுவனம் வாங்கும்போது அதை அழித்துக் கிராமபோனை வரைந்து கொடுத்தார். நிப்பர் புல் டெரியர் சாயல் கொண்ட கலப்பு டெரியர் என்று சொல்லப்படுகிறது. ஜாக் ரஸல் என்று உறுதியாகச் சொல்வது தவறு. ஆனால் அந்தக் காலத்து இங்கிலாந்தில் தெருவுக்குத் தெரு இருந்த வெள்ளை டெரியர்கள் எப்படி இருந்தன என்பதற்கு நல்ல சான்று.

பரம்பரை நோய் உண்டாமே? அது இனத்தோட வரலாறைப் பத்தி ஏதாவது சொல்லுமா?

சொல்கிறது. கண் வில்லை தன் இடத்திலிருந்து நழுவிவிடும் நோய் ஒன்று டெரியர்களில் உண்டு. பெரும்பாலும் நடு வயதில் தொடங்கும், கவனிக்காவிட்டால் பார்வை போகும். அதற்குக் காரணமான ஒரே மரபணுப் பிழை ஜாக் ரஸலிலும் பார்சன் ரஸலிலும் மட்டுமன்றி வேறு பல டெரியர் இனங்களிலும் காணப்படுகிறது. இவ்வளவு இனங்களில் ஒரே பிழை இருப்பதற்கு இயல்பான விளக்கம், இனங்கள் பிரிவதற்கு முன்பிருந்த பொது மூதாதையிடமிருந்து வந்தது என்பதே. பதிவேடுகள் சொல்லாத பழைய உறவை இந்தப் பிழை காட்டிக்கொடுக்கிறது.

குட்டிப் பருவத்திலேயே நடை தள்ளாடும் ஒரு நரம்பு நோயும், வெள்ளை மிகுந்த நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மையும் உண்டு. முதல் இரண்டுக்கும் மரபணுச் சோதனை இருக்கிறது. காது கேட்கிறதா என்பதை அறியத் தனியாக நரம்புச் சோதனை செய்ய வேண்டும்.

பழைய படங்கள்ல எல்லாம் வால் பாதியா இருக்கு. அது பிறவியா?

வெட்டியது. வளைக்குள் சிக்கிய நாயை இழுத்தெடுக்க ஒரு கைப்பிடி அளவு வால் விட்டுவைத்தார்கள். இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்துக்குப் பிறகு, வேலை நாய்களுக்கான விலக்கு தவிர, வால் வெட்டுவது குற்றம். எனவே இன்றைய படங்களில் முழு வாலைக் காணலாம்.

நரி வேட்டையையே தடை பண்ணிட்டாங்களே. இனி இந்த நாய்க்கு என்ன வேலை?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004ஆம் ஆண்டின் சட்டம், நாய்க் கூட்டத்தை விட்டு நரியைத் துரத்துவதைத் தடை செய்தது. 2005 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. சுட்டு வேட்டையாடுவதற்காக வைத்திருக்கும் பறவைகளைக் காக்கும் பொருட்டு ஒரே ஒரு டெரியரை வளைக்குள் அனுப்ப நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. பேட்ஜரைத் தோண்டுவது அதற்கு வெகுமுன்பே குற்றமாகிவிட்டது. அது நின்றதில் எனக்கு வருத்தம் இல்லை. பண்ணைகளில் எலி பிடிக்கும் வேலை மட்டும் இன்றும் குறைவின்றி இருக்கிறது.

வேலை போனாலும் பழக்கம் போகவில்லை. தோட்டத்தில் பள்ளம் பறிப்பது, சோபாவுக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு குரைப்பது, பூனையைக் கண்டால் கூப்பிட்டாலும் திரும்பாதது என்று வளர்ப்பவர்கள் என்னிடம் அடுக்கும் குறைகள் அனைத்தும், வளைக்குள் என்ன செய்ய வேண்டும் என்று மேலே சொன்னேனோ அவற்றின் மிச்சமே. மண்ணுக்கடியில் எசமானின் குரல் கேட்காத இடத்தில் தானாக முடிவெடுக்கும் நாயைத்தான் அவர்கள் இருநூறு ஆண்டுகளாகப் பொறுக்கி எடுத்தார்கள்.

எங்க வீட்டுல இருக்கறது பார்சனா ஜாக்கா? காகிதம் எதுவும் இல்லை. எப்படித் தெரிஞ்சுக்கறது?

நாயைச் சமதரையில் நேராக நிற்க வைத்து, தோள் எலும்புகளின் உச்சிக்கு ஓர் அளவுகோலைப் படுக்கையாகப் பிடித்து, தரையிலிருந்து அதுவரை அளந்து பாருங்கள். 30 சென்டிமீட்டருக்குள் இருந்து உடல் நீளமாகத் தெரிந்தால் ஜாக் ரஸல் பக்கம். 33க்கு மேல் இருந்து சதுரமாகத் தெரிந்தால் பார்சன் பக்கம். இரண்டுக்கும் நடுவே விழுந்தால், 1974க்குப் பிந்தைய வேலை நாய்ச் சங்கத்தாரின் அளவில் அது இரண்டும்தான்.